புறநகர்ச் சிற்றூரின் வரலாற்றையும் மக்கள்தொகையையும் எழுதுவது எப்படி? சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43,43,645-இலிருந்து 46,46,732 ஆக, அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது. அதே காலத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28,77,468-இலிருந்து 39,98,252 ஆகவும், திருவள்ளூர் மாவட்டம் 27,54,756-இலிருந்து 37,28,104 ஆகவும் பெருகின. சென்னை வளர்ந்தது என்று நாம் பேசும்போது உண்மையில் வளர்ந்தவை, ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்துகொண்டிருந்த இந்தச் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள்தாம். ஆயினும் மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் இருக்கும் அளவுக்கு எழுதப்பட்ட வரலாறு இவற்றுக்கு இல்லை. உழுதவர்களின் கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. வயல் வரப்புகளின் மேல் தெருக்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர் இப்போதே தொடங்க வேண்டும்.

புறநகர் ஊரைப் பொறுத்தவரை வரலாற்றைத் தனியாகவும் மக்கள்தொகையைத் தனியாகவும் எழுதுவது பயன் தராது என்பது என் உறுதியான கருத்து. எண் ஏன் உயர்ந்தது என்பதற்கான விடை நிலத்தில் இருக்கிறது. நிலம் ஏன் கைமாறியது என்பதற்கான விடை பெரும்பாலும் எண்ணில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் முறையைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: எந்த ஊரை எழுதுகிறோம் என்பதை வரையறுத்தல்

இது எளிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலான ஊர் வரலாறுகள் பிழைபடுவது இந்த இடத்தில்தான். ஒரே பெயரைக் குறைந்தது நான்கு வெவ்வேறு பரப்புகள் தாங்கி நிற்கும். முதலாவது வருவாய்க் கிராமம். இதற்கு எல்லைக் கற்களும் புல எண்களும் கிராம வரைபடமும் உண்டு. இரண்டாவது ஊராட்சி, ஓர் ஊராட்சியில் ஒரு வருவாய்க் கிராமமும் இருக்கலாம், இரண்டு மூன்றும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி ஊர்கள் 15,979 இருக்க, ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500 மட்டுமே என்பதிலிருந்தே இரண்டும் ஒன்றல்ல என்பது விளங்கும். மூன்றாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் குறியீட்டு எண்ணுடன் வரும் ஊர். இது பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தைப் பின்பற்றும் என்றாலும் எப்போதும் அப்படியே இராது. நான்காவது மக்கள் வாய்ச்சொல்லில் இருக்கும் ஊர். பேருந்து நிறுத்தத்தின் பெயரும், மனைப்பிரிவு விற்பவர் விளம்பரத்தில் போடும் பெயரும் இந்த வகையைச் சேர்ந்தவை.

எனவே முதல் வேலையாக, இந்த நான்கில் எதை அடிப்படையாகக் கொள்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். வருவாய்க் கிராமத்தைக் கொள்வதே நல்லது. ஊராட்சி எல்லை அரசாணையால் மாறும்; பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அமைப்பும் மாறும். வருவாய்க் கிராமத்தின் எல்லையோ பல இடங்களில் நூறாண்டுக்கு மேலாகப் பெரிய மாற்றமின்றி நிற்கிறது. அதன் வரைபடத்தைப் பெற்று, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளில் உள்ள ஊர்களின் பெயர்களையும், உள்ளே அடங்கும் குக்கிராமங்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த ஊர் காலந்தோறும் எந்த மாவட்டத்தில், எந்த வட்டத்தில் இருந்தது என்ற வரிசையைத் தயாரியுங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என 42 உள்ளாட்சிகள் அதில் கரைந்தன. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் மாநகராட்சிகளாயின. 2019 நவம்பரில் இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. இந்த வரிசை கையில் இல்லாமல் ஆவணக் காப்பகத்துக்குச் சென்றால், எந்த மாவட்டத்தின் ஆவணக் கட்டைக் கேட்பது என்பதே தெரியாமல் நிற்க நேரும்.

ஊர்ப் பெயரின் எழுத்து வேறுபாடுகளையும் இப்போதே பட்டியலிடுங்கள். பாக்கம், சேரி, பட்டு, நல்லூர் என முடியும் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி பலவாறு எழுதினர். பழைய அட்டவணையில் உங்கள் ஊர் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அண்டை ஊர்களின் பெயர்களைக் கொண்டு தேடிப் பாருங்கள். பெயர்க்காரணக் கதைகளை வாய்மொழி வழக்கு என்ற தலைப்பில் பதிவு செய்யலாம். வரலாற்றுச் சான்றாக அவற்றைக் கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: கணக்கெடுப்பு எண்களைத் திரட்டுதல்

சென்னை மாகாணத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-இல் நடந்தது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1881 பிப்ரவரி 17-ஆம் நாளுக்கு உரியது. அதன்பின் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. இவற்றுள் 1941 கணக்கெடுப்பின் விவரங்கள் போர்க்காலம் காரணமாக முழுமையாக அட்டவணைப்படுத்தப்படவில்லை. அந்த ஆண்டுக்குரிய கட்டம் காலியாக இருந்தால் கலங்க வேண்டாம்.

ஊர்வாரி எண்களுக்கு முதன்மையான ஆதாரம் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. இது 1951 முதல் வெளிவருகிறது. 2011 கையேட்டில் இரு பகுதிகள் உண்டு. முதற்பகுதி ஊரிலுள்ள பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், சாலை, நிலப்பயன்பாடு ஆகியவற்றைத் தரும். இரண்டாம் பகுதி மக்கள் விவரச் சுருக்கம்: குடும்பங்களின் எண்ணிக்கை, ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றோர், உழவர், வேளாண் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழிலாளர் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் இருக்கும். இந்தக் கையேடுகளைக் கணக்கெடுப்பு ஆணையரின் இணையதளத்திலேயே காணலாம். 1951-க்கு முந்தைய ஊர்வாரி எண்கள் கிடைத்தால் பேறு. கிடைக்காதபோது வட்ட அளவிலான எண்ணைப் பின்னணியாகக் காட்டி, அது வட்டத்துக்கு உரியது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். வட்டத்தின் வளர்ச்சி விழுக்காட்டை ஊரின் மேல் ஏற்றி ஓர் எண்ணைப் படைப்பது கூடாது.

புறநகர் ஊருக்கே உரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. கணக்கெடுப்புத் துறை ஓர் ஊரைக் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று வகைப்படுத்த மூன்று அளவுகோல்கள் உண்டு: மக்கள்தொகை 5,000-க்குக் குறையாதிருக்க வேண்டும், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டின் பெரும்பகுதி வேலை செய்வோரில்) 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறினால், அங்கே ஊராட்சி மன்றமே ஆட்சி செய்தாலும், கணக்கெடுப்பில் அது நகரம். தமிழ்நாட்டில் 2001-இல் 111 ஆக இருந்த இத்தகைய நகரங்கள் 2011-இல் 376 ஆயின. ஆகவே 2001 பட்டியலில் ஊர்களின் வரிசையில் இருந்த உங்கள் ஊர் 2011 பட்டியலில் காணாமல் போயிருந்தால், நகரங்களின் வரிசையைப் புரட்டுங்கள்.

இன்னொரு வகை ‘புறவளர்ச்சிப் பகுதி’. ஒரு நகராட்சியையோ பேரூராட்சியையோ ஒட்டி, ஆனால் ஊரின் வருவாய் எல்லைக்குள், ஒரு குடியிருப்போ தொழிற்சாலைக் குடியிருப்போ எழும்போது அந்தத் துண்டை மட்டும் பிரித்து நகரத்தோடு சேர்த்து எண்ணுவார்கள். மீதிப் பகுதி ஊர் என்ற வகையிலேயே தொடரும். இரு துண்டுகளையும் கூட்டினால்தான் வருவாய்க் கிராமத்தின் முழு எண் கிடைக்கும். இதைக் கவனியாதவர்கள் ‘அந்தப் பத்தாண்டில் ஊரின் மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது’ என்று எழுதிவிடுவார்கள். அங்கே குறைந்தது கோட்டுக்குள் இருந்த பரப்புதான்.

எல்லைகள் குறித்து இன்னொன்றும் நினைவில் நிற்க வேண்டும். 2011 கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகள் 2009 இறுதியில் உறைய வைக்கப்பட்டன. சென்னை மாநகராட்சி விரிந்தது 2011 அக்டோபரில். எனவே இன்று மாநகராட்சியின் வார்டாக இருக்கும் பல ஊர்களின் 2011 எண், காஞ்சிபுரம் அல்லது திருவள்ளூர் மாவட்டக் கையேட்டில்தான் கிடைக்கும்.

மூன்றாம் படி: எண்களைப் படித்தல்

திரட்டிய எண்களை ஆண்டு, எல்லை, குடும்பங்கள், மொத்தம், ஆண், பெண், குறிப்பு என்ற பத்திகளில் எழுதுங்கள். எல்லை என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். எல்லை மாறிய இரு ஆண்டுகளுக்கிடையே வளர்ச்சி விழுக்காடு கணக்கிடுவதில் பொருளில்லை.

வளர்ச்சியைக் கணக்கிடும் முறையில் ஒரு பொதுவான பிழை உண்டு. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் பத்தாண்டு உயர்வு 11,20,784. அதை 28,77,468-ஆல் வகுத்தால் 38.95 விழுக்காடு. இதைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 3.9 விழுக்காடு என்று எழுதுவது தவறு, ஏனெனில் ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் அதற்கு முந்தைய ஆண்டின் பெருகிய எண்ணின் மேல் நிகழ்கிறது. கூட்டுவட்டி முறையில் கணக்கிட்டால் ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 3.3 விழுக்காடு. இந்த வேகம் நீடித்தால் மக்கள்தொகை 21 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். ஊர் அளவிலும் இதே முறையைப் பின்பற்றுங்கள்.

வரையறைகள் காலந்தோறும் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். எழுத்தறிவு விழுக்காடு 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு முன் ஐந்து வயது. தொழிலாளர் வரையறை 1961, 1971, 1981 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் வேறுபட்டது. 1971-இல் ஒருவரின் முதன்மைச் செயல் எது என்று கேட்கப்பட்டதால், நாற்று நட்டும் களையெடுத்தும் வந்த பெண்கள் பெருமளவில் வீட்டுவேலை என்ற வகைக்குள் போய்விட்டனர். அந்த ஆண்டில் பெண் தொழிலாளர் எண்ணிக்கை திடீரென்று சரிந்திருந்தால், பெண்கள் வயலைவிட்டு வெளியேறினார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். 1981 முதல் முதன்மைத் தொழிலாளர், ஆண்டின் சிறுபகுதி மட்டும் வேலை செய்யும் குறுந்தொழிலாளர் என்ற பிரிவு வந்தது.

எண்கள் சரியாக அடுக்கப்பட்டபின், அவற்றில் ஊரின் கதை தெரியத் தொடங்கும். உழவர்களின் எண்ணிக்கை முதலில் குறைந்து வேளாண் தொழிலாளர் எண்ணிக்கை அப்படியே நின்றால், நிலம் வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டனர், உழைத்தவர்களுக்கு வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை என்று கருத இடமுண்டு. ஆண்களின் எண்ணிக்கை பெண்களைவிட வெகுவாக மிகுந்தால், தனியாக வந்து தங்கும் தொழிலாளர் விடுதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குடும்பங்கள் மக்களைவிட விரைவாகப் பெருகினால், கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தன அல்லது சிறு குடும்பங்கள் குடியேறின. இவை எல்லாம் ஊகங்கள்தாம். அடுத்த படிகளில் சரிபார்க்க வேண்டிய கேள்விகளாக இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய எண்களில் சரிவு இருந்தாலும் காரணம் தேடுங்கள். 1876–78 பெரும் பஞ்சத்தால் 1881-இல் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகையே 1871-இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. 1918-இன் நச்சுக்காய்ச்சல் 1921 எண்களில் தடம் பதித்திருக்கும்.

நான்காம் படி: நில ஆவணங்கள்

புறநகர் ஊரின் வரலாறு மிகுதியாகப் புதைந்திருப்பது ‘அ’ பதிவேட்டில்தான் என்பேன். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கும் இந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே பழைய புல எண், அரசு நிலமா ரயத்துவாரியா (உடைமையாளர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் நிலமா), நன்செயா புன்செயா, மண்ணின் வகையும் தரமும், பரப்பு, தீர்வை, பட்டாதாரர், இறுதியில் குறிப்பு ஆகியவை இருக்கும். பதிவேட்டின் ஒரு பக்கத்தை எடுத்து, கிராம வரைபடத்தின் நகலில் நன்செய்க்குப் பச்சை, புன்செய்க்கு மஞ்சள், ஏரிக்கும் கால்வாய்க்கும் நீலம் என்று வண்ணம் தீட்டிக்கொண்டே போங்கள். சில பக்கங்களுக்குள், இன்று அடுக்ககம் நிற்கும் இடம் ஏரியின் உள்வாயா, மதகுக்குக் கீழே இருந்த முதல் தர நன்செயா, மேய்க்கால் புறம்போக்கா என்பது கண்முன் விரியும். குறிப்புப் பத்தியில் வரும் களம், வண்டிப்பாதை, தோப்பு, சுடுகாடு, இடுகாடு, தாங்கல், ஓடை ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் மறைந்துபோன ஒரு பயன்பாட்டின் சான்று. தாழ்வான தெருக்களில் ஏன் வெள்ளம் தேங்குகிறது என்பதற்கும் பலவேளை இந்த வண்ணப்படமே விடை சொல்லும்.

ஒரே பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1980-களின் இறுதிவரை நடந்தது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும், பிந்தைய ‘அ’ பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் துலங்கும். ஊரார் வீடு கட்டி வாழும் பகுதியான கிராம நத்தம் பழைய பதிவேட்டில் ஒரே எண்ணாக, தனித்தனி உரிமையாளர் பெயரின்றி இருக்கும். ஊர் நத்தமும் சேரி நத்தமும் வெவ்வேறு புல எண்களில், இடையே வயல்களுடன் அமைந்திருப்பதை வரைபடத்தில் குறியுங்கள். சாதி ஊரின் நிலப்பரப்பை எப்படி வகுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை.

செங்கல்பட்டுப் பகுதிக்குச் சிறப்பாக உரியது பஞ்சமி நிலம். மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்த நிலங்களை அவர்கள் பிறருக்கு விற்க முடியாதபடி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. பல ஊர்களில் அவை கைமாறிப்போயின. 1994-இல் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் நடந்த நில மீட்புப் போராட்டம் இந்தப் பின்னணியைக் கொண்டது. உங்கள் ஊரின் பழைய பதிவேட்டில் இத்தகைய ஒப்படைப்பு இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

மானியமாகவோ அக்ரகாரமாகவோ இருந்த ஊர் என்றால், 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் தயாரித்த இனாம் பதிவேடுகளை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். யாருக்கு, எதற்காக, யாரால் கொடுக்கப்பட்டது என்ற விவரங்கள் அதில் உண்டு. மனைப்பிரிவுகள் எந்த ஆண்டில் தொடங்கின என்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று உதவும். ஓரிரு புல எண்களுக்கு மட்டும் எடுத்துப் பார்த்தாலே, ஏக்கரிலும் சென்ட்டிலும் விற்ற நிலம் எந்த ஆண்டில் சதுர அடியில் விற்கத் தொடங்கியது என்பது தெரிந்துவிடும். அந்த ஆண்டை உங்கள் மக்கள்தொகை அட்டவணையில் குறியுங்கள். நகல் தர அலுவலகம் தயங்கினால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம்.

ஐந்தாம் படி: கல்வெட்டுகளும் பழங்கணக்குகளும்

ஊரில் பழைய கோயில் இருந்தால், அதன் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை முதலில் அறிய வேண்டும். இந்தியக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் 1887 முதலும், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதலும் வெளிவந்துள்ளன. மாநிலத் தொல்லியல் துறையும் 1961 முதல் இயங்கிவருகிறது. கல்வெட்டில் ஊரின் பெயர் தனியே வராது. சோழர் காலமாயின் ‘ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்து’ என்பதுபோல மண்டலம், கோட்டம், நாடு என்ற வரிசையில் வரும். உங்கள் ஊர் எந்தக் கோட்டத்தில் இருந்தது என்று தெரிந்துகொண்டால், ஊர்ப் பெயர் மாறியிருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வழியுண்டு.

காலத்தைக் கணிப்பதில் பொறுமை வேண்டும். கல்வெட்டு மன்னரின் ஆட்சியாண்டைத் தரும். முதலாம் இராசராசன் 985-இல் ஆட்சிக்கு வந்ததால் அவருடைய பத்தாம் ஆண்டு 994–95 ஆகும். ‘குலோத்துங்க சோழ தேவர்க்கு யாண்டு’ என்று மட்டும் இருந்தால் 1070, 1133, 1178 ஆகிய ஆண்டுகளில் பட்டமேறிய மூவரில் எவர் என்று பார்க்க வேண்டும். மன்னரின் புகழைச் சொல்லும் முன்பகுதியான மெய்க்கீர்த்தி ‘புகழ்மாது விளங்க’ என்று தொடங்கினால் முதலாமவர். ‘மதுரையும் ஈழமும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளின’ என்று வந்தால் மூன்றாமவர். விளக்கெரிக்கத் தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தியைவிட, நிலக்கொடைக் கல்வெட்டில் கீழ்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை என்று வரும் எல்லை விவரமே ஊர் வரலாற்றுக்கு அதிகம் பயன்படும்; அதில் ஏரிகளும் கால்களும் வழிகளும் பெயரோடு வருகின்றன. கோயில் பழையது என்பதால் இன்றைய குடிகள் அன்றிலிருந்தே தொடர்ந்து இருக்கிறார்கள் என்று கொள்ள முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செங்கல்பட்டுப் பகுதி ஊர்களுக்கு, வேறு பல பகுதிகளுக்கு இல்லாத ஒரு செல்வம் உண்டு. 1763-இல் ஆற்காட்டு நவாப் இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சாகிராக, அதாவது வருவாயைப் பெறும் உரிமையோடு, கொடுத்தபின், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து பதிந்தார். நன்செய், புன்செய், ஏரி, தோப்பு ஆகியவற்றின் பரப்பும், மானியங்களும், எந்தெந்தக் குலத்தாருக்கு எத்தனை வீடுகள் என்பதும் அதில் உண்டு. அதற்கு அடிப்படையான தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உங்கள் ஊரின் பதிவு கிடைத்தால், 1871-க்கு நூறாண்டு முன்னதாகவே குடியிருப்பைப் பற்றிய ஒரு கணக்கு கிடைத்துவிடும். ஆனால் வீடுகளின் எண்ணை ஐந்தால் பெருக்கி மக்கள்தொகை என்று எழுதாதீர்கள். வீடுகளின் எண்ணாகவே விடுங்கள். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பு இந்த வட்டாரத்தை வெகுவாகச் சீரழித்ததால், அதற்குப் பிந்தைய பதிவுகள் வேறொரு காட்சியைத் தரும். 1790-களில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசின் அறிக்கையும், 1879-இல் குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேடும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

ஆறாம் படி: நகரம் வந்த ஆண்டைக் கண்டறிதல்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி 1931-இல் ஓடத் தொடங்கியது. பெரம்பூரில் இரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-இல் வந்தது. கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் வந்தது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களுக்கு உரியது. ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தரமணியில் டைடல் பூங்கா 2000-இல் திறக்கப்பட்டது. உங்கள் ஊருக்கு இவற்றில் எது அருகில் என்று பார்த்து, மக்கள்தொகை அட்டவணையில் அந்தப் பத்தாண்டைச் சோதியுங்கள். பெருநிறுவனம் வந்ததால்தான் ஊர் பெருகியது என்று உடனே எழுதிவிடக் கூடாது. பேருந்துத் தடமும் குடிநீரும் வந்த ஆண்டுகளே சில ஊர்களில் உண்மையான திருப்பம். பழைய நில அளவைத் துறை வரைபடங்களும், கூகுள் எர்த் தரும் பழைய செயற்கைக்கோள் படங்களும் இதை உறுதிசெய்ய உதவும்.

ஏழாம் படி: முதியோரிடம் கேட்டல்

ஆவணங்களைப் படித்தபின் நேர்காணலுக்குச் செல்லுங்கள், முன்னதாக வேண்டாம். புல எண்ணும் மதகின் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், பெரியவர்கள் பேசுவது வேறு வகையாக இருக்கும். ‘ஊர் முன்பு எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சுப்பா’ என்ற பதிலோடு முடிந்துவிடும். ‘ஐயா, பெரிய மதகைத் திறந்துவிட்டது யார்? அவருக்குக் களத்தில் எவ்வளவு நெல் கொடுப்பார்கள்? கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டில் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் பேச்சு நிற்காது. ஆண்டு கேட்டால் பலருக்குச் சொல்ல வராது; நிகழ்ச்சிகளோடு இணைத்துக் கேளுங்கள். அண்ணா மறைந்த 1969, எம்.ஜி.ஆர். மறைந்த 1987, பெருவெள்ளம் வந்த 1985, 2015 ஆகியவை நல்ல குறிகள். கணக்குப்பிள்ளை எனப்பட்ட கரணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது; பின்னர் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்தார். ‘கணக்குப்பிள்ளை இருந்த காலமா, வி.ஏ.ஓ. வந்த பிறகா?’ என்ற ஒரே கேள்வி பல நினைவுகளை வரிசைப்படுத்தும்.

முன்னாள் தலைவர், பூசாரி, ஆசிரியர் ஆகிய மூவரோடு நிறுத்திக்கொண்டால் ஊரின் ஒரு பாதிதான் கிடைக்கும். காலனியில் வாழும் மூத்தவர்களிடமும், நடவுக்குச் சென்ற அம்மாக்களிடமும், தலையாரி, வெட்டியான், நீர்க்கட்டி ஆகிய பணிகளைச் செய்த குடும்பங்களிடமும் தவறாமல் கேளுங்கள். முதன்முதலில் மனை வாங்கி வீடு கட்டியவர்களையும் சந்தியுங்கள். விளக்கில்லாத தெருவிலிருந்து சாலைக்கு நடந்த அவர்களுடைய நினைவும் இந்த ஊரின் வரலாறே. குரலைப் பதிவு செய்யும் முன் இசைவு பெறுங்கள்.

எட்டாம் படி: இன்றைய மக்கள்தொகையை மதிப்பிடல்

2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் கடைசி எண் 2011-க்கு உரியதாகவே நிற்கிறது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. இடைக்கால மதிப்பீட்டுக்கு வாக்காளர் பட்டியல், வீட்டு வரிப் பதிவேடு, குடும்ப அட்டைகள், மின் இணைப்புகள், அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு ஆகியவை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. சொந்த ஊரிலேயே வாக்கை வைத்திருக்கும் புதுக்குடியினர் வாக்காளர் பட்டியலில் வரமாட்டார்கள். இடம்பெயர்ந்தவர்களின் பெயர்கள் நீக்கப்படாமல் இருக்கும். வடமாநிலத் தொழிலாளர்கள் இவற்றில் ஒன்றில்கூட இடம்பெறாமல் போகலாம். அங்கன்வாடிப் பதிவேடு வீடுவீடாகச் சென்று எழுதப்படுவதால், சிற்றூரைப் பொறுத்தவரை அதையே நான் முதலில் நம்புவேன். கிடைக்கும் விடையை ஒற்றை எண்ணாகத் தராமல், இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று எழுதி, எவ்வாறு பெற்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதுதலும் ஒப்படைத்தலும்

எழுதும்போது நிலம், நீர், குடிகள், ஆட்சி, நகரமயமாதல் என்ற போக்கைப் பின்பற்றலாம். அட்டவணையை இறுதியில் தள்ளாமல், எந்தப் பத்தாண்டைப் பற்றி எழுதுகிறீர்களோ அங்கேயே அதன் எண்ணை வையுங்கள். வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பெயரோடு நில விவரத்தையோ சாதியையோ வெளியிட வேண்டாம். உங்கள் நூல் நாளை ஒரு வழக்கில் காட்டப்படலாம். வாய்மொழிச் செய்தியையும் ஆவணச் செய்தியையும் படிப்பவர் பிரித்தறியும்படி எழுதுங்கள். கைப்படியை ஊரிலும் காலனியிலும் தலா சிலருக்குப் படித்துக்காட்டி, மறுப்புகளைக் கேட்டு, ஏற்க முடியாத மறுப்பையும் பதிவு செய்யுங்கள்.

முடிந்த நூலின் படிகளை ஊர்ப் பள்ளிக்கும், கிளை நூலகத்துக்கும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் கொடுங்கள். வண்ணம் தீட்டிய கிராம வரைபடத்தையும், நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளையும், பேசியவர்கள் இசைந்த அளவுக்கு, அதோடு சேர்த்தே ஒப்படையுங்கள். அடுத்து எழுத வருபவருக்கு உங்கள் நூலைவிட அவை அதிகம் தேவைப்படும்.